வழியோரக் கல்லில் யார் பெயர்?



வரலாற்று ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அரண்மனைகளையும் கோபுரங்களையும் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. நான் எடுத்துக்கொண்டது சாலையோரத்துக் கற்களையும் பலகைகளையும்: ஓரிடத்தில் இன்னது நடந்தது என்று சொல்வதற்காக யாரோ நட்டுவிட்டுப் போனவை. நாம் கூடியிருக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்திலேயே இதற்குப் போதிய சரக்கு இருக்கிறது.

ஒரகடம் கூட்டுச்சாலை உங்களுக்குத் தெரியும். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். தலைக்கு மேலே எந்த ஆலைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்டும் பலகைகள். அவை வேண்டியவைதாம், லாரி ஓட்டுநருக்கு அவை இல்லாமல் முடியாது. ஆனால் இந்த மண்ணில் நடந்ததைச் சொல்லும் கல் எங்கே, அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதுதான் இன்றைக்கு என் கேள்வி.

முதலில் புள்ளலூருக்குப் போவோம். காஞ்சிபுரத்துக்கு வடக்கே, நமக்கு மேற்கே இருக்கும் சிற்றூர். ஆங்கிலேயர் எழுதிய வரலாறுகளில் பொள்ளிலூர் என்று வரும். 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதுவரை இந்தியாவில் கண்டிராத தோல்வியை அங்கேதான் கண்டது. கர்னல் வில்லியம் பெய்லி குண்டூர்ப் பக்கமிருந்து ஒரு படையோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். காஞ்சியில் சர் ஹெக்டர் மன்றோ பெரும்படையோடு காத்திருந்தார். இரண்டும் சேர்ந்துவிட்டால் ஹைதர் அலிக்குச் சிக்கல். நடுவில் கொசஸ்தலை ஆறு. ஆகஸ்ட் 25 அன்று பெய்லி ஆற்றின் வடகரைக்கு வந்தபோது இறங்கிக் கடக்கும் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. நாளைக்குக் கடக்கலாம் என்று கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் பிறந்த பிறகுதான் அக்கரை சேர முடிந்தது. நம் பக்கத்து ஆறுகள் இப்படித்தான், பத்து மாதம் மணலாகக் கிடந்துவிட்டு ஓர் இரவில் கணக்குத் தீர்த்துவிடும்.

பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தார். பத்தாம் தேதி விடியலில் புள்ளலூர் அருகே ஹைதரின் முழுப்படையும் சூழ்ந்துகொண்டது. மைசூர்ப் படையின் பீரங்கிகளும் ராக்கெட்டுகளும் பொழிந்ததில் கம்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அத்தோடு சண்டை முடிந்த மாதிரிதான். சுமார் 3,800 பேர் கொண்ட படையில் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். சில மைல் தொலைவில் பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-இல் இறந்தார். அவரோடு சிறைப்பட்ட டேவிட் பெயர்ட்தான் 1799-இல் அதே கோட்டைக்குள் படை நடத்திப் புகுந்தவர்.

இதற்கு நினைவுச்சின்னம் உண்டா? உண்டு, ஆனால் புள்ளலூரில் இல்லை. வென்றவரின் சின்னம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இருக்கிறது. 1784-இல் திப்பு தீட்டச் செய்த பெரிய ஓவியம் அது. பல்லக்குக்குள் பெய்லி ஒடுங்கிக் கிடக்க, வெடிமருந்து வண்டி தீப்பற்ற, யானைமேல் ஹைதர் வருவார். அந்த ஓவியத்தின் காகிதப் பிரதி ஒன்று 2022 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. நம் ஊர்ப் போரின் படத்தை நாம் பார்க்க வேண்டுமென்றால் கர்நாடகத்துக்குப் போக வேண்டும், அல்லது லண்டன் செல்வரோடு ஏலம் கேட்க வேண்டும்.

புள்ளலூர் வயல்வெளியில் நிற்பவை வேறு. 1781 ஆகஸ்ட் 27 அன்று, ஏறக்குறைய ஓராண்டு கழித்து, சர் அயர் கூட் தலைமையில் கம்பெனிப் படை அதே இடத்தில் ஹைதரோடு மோதியது. முந்தைய ஆண்டு மாண்டவர்களின் எலும்புகள் அப்போதும் அந்த நிலத்தில் சிதறிக் கிடந்தன. இந்த இரண்டாம் போரில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கு, லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் ஆகியோருக்கு, ஆளுக்கொரு தூண் எழுப்பினார்கள். அவைதான் இன்றும் நிற்கின்றன.

கணக்கை ஒருமுறை பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் செத்த முதற்போருக்கு அங்கே கல் இல்லை. வெற்றி தோல்வி தெளிவாகாத இரண்டாம் போரில் இறந்த இருவருக்குக் கல் இருக்கிறது. கம்பெனிப் படையின் பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். எதிர்ப்பக்கத்தில் கன்னடமும் தக்கணியும் பேசியவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அந்தத் தூண்களில் இல்லை. அறுவடைக்கு நின்ற பயிரை இரண்டு படைகளும் மிதித்துப் போன பிறகு அந்த ஊர் உழவர் என்ன செய்தார் என்பதற்கும் கல் இல்லை. கல் நடக் காசும் அதிகாரமும் வேண்டும். அவை யாரிடம் இருந்தனவோ அவர்கள் தங்கள் ஆட்களை நினைத்துக்கொண்டார்கள். இதை வெள்ளைக்காரர் குற்றம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. நாம் என்ன செய்கிறோம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அதே புள்ளலூர் அதற்கு முன்னும் ஒரு போரைப் பார்த்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி காஞ்சியை நோக்கி வந்தான். பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று புலிகேசியின் ஐகொளெ கல்வெட்டு (634) சொல்கிறது. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்று பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. இரண்டில் எது உண்மை என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்வது: இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரு கல்லை மட்டும் படித்தவன் பாதி வரலாறு படித்தவன்கூட இல்லை.

மகன் நரசிம்மவர்மன் காலத்தில் புலிகேசி மறுபடி வந்தபோது போர் நம் வாசலுக்கே வந்தது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் நரசிம்மன் அவனைத் தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு பதிவு செய்கிறது. மணிமங்கலம் என்பது தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரும் வழியில் இருக்கும் மணிமங்கலமேதான். ஓடும் புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு வெற்றி என்ற சொல்லை நரசிம்மன் எழுதினான் என்று அந்தச் செப்பேட்டுக் கவி கற்பனை செய்கிறார். வென்றவன் தோற்றவன் உடம்பின்மேல் எழுதுவது என்பதை இதைவிட வெளிப்படையாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் கூரம் செப்பேட்டை நான் எடுத்தது அந்த வரிக்காக அல்ல. கூரம் காஞ்சியை அடுத்த ஊர், இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் அதுவே. செப்பேட்டை வெளியிட்டவன் நரசிம்மனின் பேரன் பரமேசுவரவர்மன். அதில் போர் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. பிறகு வேறு செய்தி வருகிறது. பரமேசுவர தடாகம் என்று ஓர் ஏரி. அதற்குத் தண்ணீர் கொண்டுவரப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய். கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு. மன்னனின் புகழை ஒரு பக்கம் பாடிவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யாருக்கு என்ன பங்கு என்று எழுதிவைத்தார்கள். இன்றைக்கு அந்த ஊரில் ஒரு வழக்கு வந்தால் பயன்படக்கூடிய ஆவணம் அது.

உத்திரமேரூரும் இதே காஞ்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பாராட்டுகிறோம். அதில் ஏரி வாரியம் என்ற ஒன்றுக்கும் ஆள் எடுத்தார்கள் என்பதை மேடைப் பேச்சுகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள். அதைக் கோயில் சுவரிலேயே, யாரும் படிக்கும்படி வெட்டினார்கள்.

மணிமங்கலத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. அங்குள்ள இராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. கூடல் சங்கமத்தில் சாளுக்கியன் ஆகவமல்லன் போருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதும், துங்கபத்திரைக் கரையில் சோழன் வெற்றித்தூண் நட்டதும் அதில் வருகின்றன. நானூறு ஆண்டுக்கு முன் சாளுக்கியப் படை வந்து நின்ற ஊரின் சுவரில், சாளுக்கிய நாட்டு ஆற்றங்கரையில் தூண் நட்ட செய்தி! எழுதியவர்களுக்கு அந்தப் பொருத்தம் தெரிந்திருந்ததோ இல்லையோ, எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். ஹூல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில், உக்கல், மேல்பாடி, கரூர் ஆகிய ஊர்களோடு மணிமங்கலத்துக்கும் தனி இடம் கிடைத்தது. சென்னைக்குச் சாப்பாட்டுக் கூடையோடு போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ஒரு தூண் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கோயிலின் செல்வத்தைப் பார்த்தான், எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். இதைக் கன்னடத்தில் அந்தத் தூணில் வெட்டச் செய்தான். அவன் போன பிறகு பல்லவர் திரும்பி வந்தார்கள். கோயில் அவர்களுடையது, உளி அவர்கள் கையில். அந்த எழுத்தைச் செதுக்கி எறிய ஒரு நாள் போதும். யாரும் செய்யவில்லை. பகைவனின் வெற்றியைச் சொல்லும் கல்லைத் தோற்றவர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் காத்துவந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் கறுப்பு மை பூசுவதும் சிலைக்கு இரவோடு இரவாகக் கூண்டு அடிப்பதும் நடக்கும் காலத்தில் நின்று நான் இதைப் பார்க்கிறேன்.

இனி நீலப் பலகைகள். இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் நிற்குமே, அவை. நம் வட்டாரத்தில் இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள், கல்வட்டங்கள், மண்ணுக்குள் கற்பலகை அறைகள் ஏராளம். அவற்றில் பல பாதுகாக்கப்பட்டவை. பலகையில் என்ன எழுதியிருக்கும்? 1958-ஆம் ஆண்டுச் சட்டம், தேசிய முக்கியத்துவம், சேதப்படுத்தினால் தண்டனை. 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. சுற்றிலும் 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். எல்லாம் சரி. இது என்ன, யாருடைய புதைகுழி, எத்தனை பழையது என்று மாடு மேய்க்க வந்தவருக்கு ஒரு வரி சொல்லக்கூடாதா? தண்டனையை மட்டும் படித்தவர் அந்த இடத்தைத் தன் நிலத்தை முடக்க வந்த தொல்லையாகத்தான் பார்ப்பார். காவல்காரராக ஆக வேண்டியவரை நாமே பகையாளி ஆக்கிவிடுகிறோம்.

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கற்காலக் கருவிகள் கிடைத்தன. ரோமானியச் சாடித் துண்டுகளும் கிடைத்தன. கண்டம் விட்டுக் கண்டம் சரக்கு போவது இந்தப் பகுதிக்கு ஹூண்டாய் வந்த பிறகு ஆரம்பித்த கதை அல்ல. மண்ணியலாளர்களோ இன்னும் ஆழமாகப் போகிறார்கள். பத்துக் கோடி ஆண்டுக்கு மேற்பட்ட செடிகொடிகளின் தடம் பதிந்த பாறை அடுக்கு ஒன்றுக்கு ‘ஸ்ரீபெரும்புதூர்’ என்ற நம் ஊர்ப் பெயரையே அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு இரண்டு நினைவு வரும். ஒன்று உடையவரான இராமானுசர் அவதரித்த தலம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருடைய தானுகந்த திருமேனி. 2017-இல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினோம். அந்த நினைவைக் காக்கக் கோயிலும் ஆண்டுதோறும் உற்சவமும் இருக்கின்றன, பலகை தேவையில்லை.

இரண்டாவது, 1991 மே 21. தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி, வழியில் தன் தாயின் சிலைக்கு மாலை போட்டுவிட்டு மேடையை நோக்கி நடந்தபோது கொல்லப்பட்டார். நெடுஞ்சாலையை ஒட்டிய நினைவிடத்தை 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்தார். தூண்கள் சூழ, அவர் விழுந்த இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் முன்னாள் பிரதமர் இறந்த இடம் அப்படித்தான் பேணப்பட வேண்டும். ஆனால் அன்றிரவு அவரோடு பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள், கட்சிக்காரர்கள், தலைவரைப் பார்க்க வந்த சாதாரண மக்கள். இந்த அரங்கில் இருப்பவர்களை நான் கேட்டால் அவர்களில் எத்தனை பெயர் வரும்? புள்ளலூர்க் கணக்குத்தான் இது. தூண் எழுப்பியவர் வேறு, காலம் வேறு, நினைவில் நிற்பவர் யார் என்ற விதி மாறவில்லை.

இனி நம் காலம். 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இங்கே கால்பதித்து, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், பிறகு டைம்லர், ராயல் என்ஃபீல்டு. 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை நின்றது. ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு முதல் சம்பளம் கொடுத்த இடம் அது. அந்தச் சம்பளத்தில் தங்கையைப் படிக்க வைத்தவர்களும் வீட்டுக் கடன் அடைத்தவர்களும் இன்றும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தோழிகளுக்காக ஃபாக்ஸ்கான் தொழிலாளிகள் இரவெல்லாம் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் அருகே சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஆலை, வேலை, மூடல், மறியல், விடுதி எல்லாம் சேர்ந்துதான் இந்த ஊரின் வரலாறு.

இதில் கல்லில் ஏறுவது எது? திறப்பு விழா மட்டும். திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வரவேற்புரை ஆற்றியவர், ஒப்பந்ததாரர் என்று பளபளக்கும் கருங்கல்லில் வரிசையாகப் பெயர்கள். நான் எந்தக் கட்சியையும் சொல்லவில்லை, எல்லாக் கட்சிக் கல்லும் ஒரே அச்சு. நிலம் எந்த ஊருடையது, எந்த ஏரியின் ஆயக்கட்டு அது, எத்தனை குடும்பம் பட்டா நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்கே போயிற்று என்பதற்கு அந்தக் கல்லில் இடம் கிடையாது. கூரம் செப்பேட்டை எழுதியவன் இந்தக் கல்லைப் படித்தால், ‘சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்றுதான் கேட்பான். அந்தக் கேள்வியை நாம் கேட்காமல் விட்டதற்கு 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை விலை கொடுத்தது. செம்பரம்பாக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றுக்குத்தான் போகிறது என்பதை, வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1927 முதல், காரில் போகிறவர் கண்ணில் படும்படி நெடுஞ்சாலை ஓரத்தில் வரலாற்றுப் பலகைகள் வைக்கிறது. ஜெர்மனியில் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கிய வேலை எனக்கு அதைவிடப் பிடிக்கும். நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில், நடைபாதையில், உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு. இங்கே இன்னார் வாழ்ந்தார், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, நேர்ந்த கதி. ஒரு தகட்டில் ஒரு பெயர்தான். ஐரோப்பா முழுதும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிரமுகர் வந்து திறக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல் இல்லையே என்பதுதான் அதன் வசதி.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. தருமபுரி அருங்காட்சியகத்தில் அதியமான் பெருவழிக் கல் இருக்கிறது. நாவல்தாவளம் 27 காதம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு, கீழே இரண்டு பெரிய குழியும் ஏழு சிறிய குழியும் தோண்டியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர் விரலால் தடவிப் பார்த்து இருபத்தேழு என்று தெரிந்துகொள்வார். 13-ஆம் நூற்றாண்டில் படிக்காதவரையும் கணக்கில் வைத்துக் கல் நட்டவன் நம் ஆள். இன்று ஒரகடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் புரியும்படி, படத்தோடு, அவர்கள் மொழியிலும் இரண்டு வரி எழுத நமக்கு என்ன தடை?

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஒரு மணிமண்டபம் கட்டும் செலவில் நூறு ஊருக்குக் கல் நடலாம். ஊருக்கு ஒன்று, ஏரிக்கரையில் வையுங்கள். ஏரியின் பெயர், பரப்பு, எங்கிருந்து தண்ணீர் வருகிறது, கலங்கல் வழியே எங்கே போகிறது, 2015-இல் எவ்வளவு உயரம் வந்தது. ஊரில் நடந்த போரோ போராட்டமோ இருந்தால் இரு தரப்புச் சொல்லும். ஆலைக்குப் போன நிலம் எவ்வளவு, எந்த ஆண்டு. திறந்து வைத்தவர் பெயர் வேண்டாம், அதற்குத் தனிக் கல் எப்படியும் வந்துவிடும்.

மாணவர்களே, இதற்கு நீங்கள் நிதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள், புல வரைபடத்தைப் பாருங்கள். மதகுப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், ‘தாத்தா, அந்தக் காலத்துல இந்த ஏரித்தண்ணி எதுவரைக்கும் பாஞ்சுது?’ என்று கேளுங்கள். நீர் பாய்ச்சியவரையும் கேளுங்கள், நாற்று நட்ட அம்மாவையும் கேளுங்கள், சேரியிலும் கேளுங்கள். ஒரே வாயில் கேட்டு எழுதாதீர்கள். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கல்லுக்கும் பலகைக்கும் பணம் கேட்பதை நாங்கள், பெரியவர்கள், பார்த்துக்கொள்கிறோம்.

முதல் கல் புள்ளலூரில் வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்த இரண்டு தூண்களையும் தொட வேண்டாம், அவை பாட்டுக்கு நிற்கட்டும். அவற்றுக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து தெரியும்படி, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை. 1780 செப்டம்பர் 10 அன்று இரு படையிலும் மாண்ட சிப்பாய்களுக்கும், பயிர் அழிந்த ஊராருக்கும். மாவட்ட நிர்வாகத்துக்கு இதை மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் வைக்கிறேன், படித்துப் பார்த்து, உடன்பாடு உள்ளவர்கள் கையெழுத்திட்டுப் போங்கள்.